கல்யாண ஆல்பமும் நான்காம் நிபந்தனையும்

ஆல்பம் நாற்பத்தைந்து நாளில் கைக்கு வந்துவிடும் என்று போட்டோகிராபர் சொன்னது ஈஸ்டர் முடிந்த மாதத்தில். என் இளைய மகளின் கல்யாணம் ஓசூரில், காலையில் கோயிலிலும் மாலையில் மண்டபத்திலுமாக நடந்து முடிந்திருந்தது. பிறகு வாசலில் கிறிஸ்துமஸ் நட்சத்திரம் கட்டினேன், ஆல்பம் வரவில்லை. நட்சத்திரத்தை அவிழ்த்து அட்டைப்பெட்டியில் வைத்தேன், அப்போதும் வரவில்லை.

இந்த ஊரில் இது புதிதல்ல. எங்கள் தெருவில் ஒரு பெண்ணுக்கு வளைகாப்பு ஆல்பம் முதலில் வந்தது, கல்யாண ஆல்பம் அதற்கு அப்புறம் வந்தது. பக்கத்துத் தெருவில் ஆல்பம் வந்து சேர்வதற்குள், அதில் மேடையில் தோள்மேல் கைபோட்டு நின்ற இரண்டு மாமன்மாருக்குள் பேச்சுவார்த்தை நின்றுபோயிருந்தது. எதிர் வீட்டுத் தம்பதி இருவரும் தொழிற்சாலையில் வேறு வேறு ஷிப்ட். அவர்களுக்கு ஆல்பம் வந்துவிட்டது. சேர்ந்து உட்கார்ந்து பார்க்க ஒரு பொழுது கிடைக்காமல் பெட்டியோடு பீரோ மேல் இருக்கிறது.

நான் வருவாய்த் துறையில் முப்பத்து நாலு வருடம் இருந்தவன். ஒரு காகிதம் எப்படித் தாமதமாகும் என்று எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. எத்தனையோ காகிதங்களை நானே தாமதப்படுத்தியிருக்கிறேன், எல்லாம் விதிப்படி. அதனால் ஆல்பத்துக்காக நான் பதறவில்லை. பதறியவர் என் சம்பந்தியின் மனைவி.

ஊத்தங்கரைக்கு உள்ளே ஒரு கிராமம் அவர்களுக்கு. சம்பந்தி அந்த ஊர்க் கோயிலின் உபதேசியார். சாமியார் வர முடியாத ஞாயிறுகளில் ஜெபம் சொல்லி நடத்துகிறவர். இரண்டு பையன்கள். சின்னவர் என் மாப்பிள்ளை, ஓசூரில் ஒரு கம்பெனியில் தரக் கட்டுப்பாட்டில் இருக்கிறார். பெரியவர் ஏழு வருடத்துக்கு முன்னால் பெங்களூரில் ஒரு கன்னடப் பெண்ணைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டார். மூன்று ஞாயிறு கோயிலில் கல்யாண அறிவிப்பு ஓலை வாசித்து, பலிபீடத்துக்கு முன்னால் நின்றால்தான் கல்யாணம் என்று ஊருக்கே சொல்லிக்கொண்டிருந்தவர் வீட்டில் இப்படி. உபதேசியார் மகனை வாசலோடு நிறுத்திவிட்டார். அதன்பின் மகனுடைய பழைய போன் எண்ணில் யாரும் எடுக்கவில்லை. அந்த எண்ணும் ஒரு நாள் இல்லாமல் போயிற்று.

அந்தப் பெரியவர் தம்பியின் கல்யாண வரவேற்புக்கு, சொல்லாமல் வந்தார். தனியாக மேடையேறி, தம்பியைக் கட்டிப்பிடித்து, அப்பாவுக்குப் பக்கத்தில் நின்று ஒரு படம் எடுத்துக்கொண்டார். வாழ்த்துச் சொல்ல மேடையில் வரிசை நீண்டு நின்றது. இறங்கி வந்து அண்ணனிடம் எண் வாங்கிக்கொள்ளலாம் என்று மாப்பிள்ளை நினைத்தாராம். இறங்கும்போது அண்ணன் இல்லை. அந்த நேரத்தில் அவர்களுடைய அம்மா சாப்பாட்டு ஹாலில் இருந்தார். ஊரிலிருந்து ஒரு பஸ் நிறைய ஆட்கள் வந்திருந்தார்கள், ஒன்பது மணிக்குள் திரும்ப வேண்டும்; அவர்களைப் பந்தியில் உட்கார வைப்பது அவர் பொறுப்பு. வெளியே வந்தபோது கணவர் சொன்னார்: "பெரியவன் வந்தான். ரெண்டு நிமிஷம் நின்னான். போய்ட்டான்."

ஏழு வருடமாகப் பார்க்காத மகனைப் பத்தடித் தூரத்தில் தவறவிட்டவருக்கு மிச்சம் இருந்தது அந்த ஒரு படம்தான். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் எனக்குப் போன் வரும்.

"அண்ணா, போட்டோ வந்துச்சுங்களா?"

"இன்னும் இல்லம்மா."

"எல்லாம் வேணாங்கண்ணா. அந்த ஒண்ணு."

"கேட்டிருக்கேன்மா."

"எளச்சிட்டானான்னு கேட்டா இவர் ஒண்ணும் சொல்ல மாட்டேங்கறார். மீசை வெச்சிருக்கறானான்னு கேட்டா, கவனிக்கலன்றார். ஆம்பளைங்க கண்ணுல என்னாதான் தெரியும்?"

ஒரே ஒரு படத்தை வாட்ஸப்பில் அனுப்ப எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்கலாம். அரை நிமிடம். அதற்கும் வழியில்லாமல் செய்தவன் நான்.

எங்களுக்குத் தெரிந்த ஒரு பெண்ணின் கல்யாணப் படம் அவளைக் கேட்காமலே ஒரு ஸ்டுடியோவின் பேனரில் ஏறி, பஸ் ஸ்டாண்டு எதிரில் மழையிலும் வெயிலிலும் நின்றது. என் மகளுக்கு அப்படி ஆகக்கூடாது என்று முத்திரைத்தாளில் ஒப்பந்தம் எழுதினேன். வக்கீல் வேண்டியிருக்கவில்லை. ஐந்து நிபந்தனைகள். நான்காவது இது: "இரு தரப்புத் தந்தையரும் கையொப்பமிட்ட தேர்வுப் பட்டியல் அளிக்கப்படும் வரை, தேர்வுக்கான ஒரே பிரதி நீங்கலாக, எந்தப் படத்தையும் எவருக்கும் எவ்வடிவிலும் வழங்கலாகாது." எழுதி முடித்ததும் எனக்கே திருப்தியாக இருந்தது. எந்தப் பக்கமும் ஓட்டை இல்லை.

என் மகள்தான் முதலில் அதில் முட்டிக்கொண்டாள்.

"அப்பா, கல்யாணம் ஆகி ரெண்டு மாசம் ஆச்சு. டிபி வைக்க ஒரு போட்டோ கிடையாது எனக்கு."

"நாங்க ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டதும் கிடைக்கும்."

"நான் கல்யாணப் பொண்ணுப்பா."

"நீ ஒப்பந்தத்துல ஒரு தரப்பு இல்லம்மா."

"உங்க கல்யாணத்துக்கு அம்மா மட்டும் ஒரு தரப்பா இருந்தாங்களா?" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டாள். என் மனைவி சமையலறையிலிருந்து, "நல்லாக் கேட்டா," என்றாள்.

முதல் நான்கு மாதம் குற்றம் போட்டோகிராபருடையதுதான். சீசன் என்றார். எடிட்டிங்கில் இருக்கிறது என்றார். நான் போன் செய்யும்போதெல்லாம் பாதி நேரம் வேறு யாரிடமோ கன்னடத்தில் பேசிவிட்டு, எனக்குத் தமிழில் திரும்பி, யாரையோ தெலுங்கில் திட்டுவார். மூன்று மொழியிலும் அவருக்கு நாளைக்கு என்ற சொல் நன்றாக வந்தது. ஒரு தரம், "சானமாவு ரோட்ல யானை நிக்குது சார், பாரஸ்ட்காரங்க வண்டிய விடல. ஹார்ட் டிஸ்க் என்கிட்டதான் இருக்குது," என்றார். விடாமல் விசாரித்தேன். அன்று அங்கே யானைக்கூட்டம் ரோட்டைக் கடந்தது உண்மை. சாக்குச் சொல்கிறவருக்கு யானை வரைக்கும் ஒத்தாசை செய்கிறது.

அதற்குப் பிறகு அவர் பதில் மாறியது. "செலக்ஷன் பெண்டிங் சார்." மாதாமாதம் அதே பதில். நான் மாதாமாதம் அவரைத் திட்டினேன். அவர் வாயைத் திறப்பதற்குள் போனை வைத்தேன். நிலுவை என்று ஒருவன் சொன்னால் அடுத்து கேட்க வேண்டிய கேள்வி எது என்று, வேலைக்கு வந்த முதல் வாரமே எங்களுக்குச் சொல்லிக் கொடுத்துவிடுவார்கள்: யாரிடம் நிலுவை? எத்தனையோ பேரைப் பார்த்து நான் அதைக் கேட்டிருக்கிறேன். இவரைக் கேட்கவில்லை. கடையில்தான் தூங்குகிறது என்று நானே முடிவு செய்துவிட்டேன்.

பொங்கல் கழிந்த ஒரு சனிக்கிழமை நேரில் போனேன். பாகலூர் ரோட்டில் முதல் மாடியில் கடை. என்னைப் பார்த்ததும் அவர் எழுந்து நின்றார்.

"ஏன்பா, பெண்டிங் பெண்டிங்ன்றியே, யார்கிட்ட பெண்டிங்?"

"உங்க சம்பந்திகிட்ட சார்."

"என்ன சொல்ற?"

"பென்டிரைவ் குடுத்து மூணு மாசத்துக்கு மேல ஆகுதே சார். அவரே ஒரு நாள் வந்து வாங்கினு போனார். நான் பாத்து டிக் பண்ணி சம்பந்தியோட பேசிக்கறேன்னார். உங்களுக்குச் சொல்லலீங்களா?"

"நீ சொல்றதுக்கென்ன?"

"நீங்க எங்க சார் பேச உட்டீங்க."

அந்த ஒரு படத்தையாவது என் போனுக்கு அனுப்பச் சொன்னேன். அவர் மேசை டிராயரைத் திறந்து என் ஒப்பந்தத்தை எடுத்து வைத்தார். லேமினேட் செய்திருந்தார்.

"பாக்கறதுக்குத் தடையில்ல சார். குடுக்கறதுக்குத்தான். அந்த ஒரு காப்பி சம்பந்திகிட்ட போயிடுச்சு. நீங்க எழுதினது."

பார்க்க உட்கார்ந்தேன். மேடைப் படம் சுலபமாகக் கிடைத்தது. பெரியவர் அப்பா ஜாடை. மீசை இல்லை. இளைத்தும் இருக்கவில்லை. சம்பந்தி விறைப்பாக நிற்க, மகனின் கை அவர் முதுகுக்குப் பின்னால் போயிருந்தது. போட்டோகிராபர் அடுத்தடுத்த படங்களைத் தட்டிக்கொண்டே போனார். மேடைக்குக் கீழே அங்கங்கே எடுத்தவை. கடைசி வரிசை நாற்காலியில் அதே ஆள் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் பச்சைச் சேலையில் ஒரு பெண். மடியில் மூன்று நான்கு வயதில் ஒரு பெண் குழந்தை. கேக் வெட்டும்போது அவர்கள் அங்கே இருந்தார்கள். சாமியார் மைக்கில் ஜெபம் சொல்லும்போது இருந்தார்கள். எங்கள் பக்கத்து இளைஞர்கள் ஆடும்போது குழந்தை நாற்காலிமேல் நின்றுகொண்டு பார்த்தது. ஊர்க்காரர்கள் பஸ்ஸுக்காகப் பைகளைத் தூக்கிக்கொண்டு வெளியே போகிற படத்தில், குழந்தை தூங்கிவிட்டிருந்தது, அவர் இன்னும் உட்கார்ந்திருந்தார்.

இரண்டு நிமிடம் என்றால் இத்தனை படம் வராது.

எனக்கு இன்னொன்றும் தெரிந்தது. அந்தக் கடைசி வரிசையில் அவர்களிடம் நான் பேசியிருக்கிறேன். பெண் வீட்டுக்காரன் என்ற முறையில் வரிசை வரிசையாகப் போய்ச் சாப்பிடச் சொல்லிக்கொண்டு வந்தபோது, "ஒருத்தங்க வரணும் சார், வந்ததும் போறோம்," என்றார் அந்த ஆள். சரி என்று அடுத்த வரிசைக்குப் போய்விட்டேன்.

"இவரா சார்?" என்றார் போட்டோகிராபர். "இவரும் பெங்களூர்லருந்து நாலு வாட்டி போன் பண்ணார். மாப்பிள்ளைக்கு அண்ணன்னார். மேடை போட்டோ ஒண்ணு மட்டும் கேட்டார். அக்ரிமென்ட்ல உங்க பேர் இல்லைங்கன்னு சொன்னேன்."

"அதுக்கு என்ன சொன்னார்?"

"பெரியவங்க சொன்னா சரிங்கன்னார். அப்பறம் பண்ணல."

அந்த எண்ணை என் போனில் ஏற்றச் சொன்னேன். எண் தரக்கூடாது என்று நான் எழுதியிருக்கவில்லை. அது ஒன்றுதான் விட்டுப்போயிருந்தது. அன்று வீட்டில் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. அந்த எண்ணுக்குப் போன் செய்யவும் கை வரவில்லை. நான் யாரென்று சொல்லிக்கொள்வது? நாலாவது நிபந்தனை எழுதியவன் என்றா?

மறுநாள் கிருஷ்ணகிரியில் பஸ் மாறி ஊத்தங்கரைக்குப் போய், அங்கிருந்து கிராமத்துப் பஸ்ஸில் இறங்கினேன். வருகிறேன் என்று போனில் சொல்லியிருந்ததால், பூசை முடிந்து சம்பந்தி மொபட்டில் எனக்காக வந்து நின்றிருந்தார். வீட்டுக்குப் போகலாம் என்றார். முதலில் டீ குடிக்கலாம் என்றேன். அவருக்குப் புரிந்துவிட்டது. டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்ததும் அவரே ஆரம்பித்தார்.

"கடைக்குப் போனீங்களா சம்பந்தி?"

"போனேன். நாற்பது நிமிஷமாவது இருந்திருக்காங்க."

"இருந்தாங்க." டீயை வாங்கிப் பக்கத்தில் வைத்தார். "நான்தான் உக்காரச் சொன்னேன். உங்கம்மாவைக் கூட்டினு வரேன், இங்கியே இருன்னு சொல்லிட்டுப் போனேன். ஹால் வாசப்படி வரைக்கும் போனேன். அவ பாதருக்கும் ஊர்க்காரங்களுக்கும் எல போட்டுனு இருந்தா. சிரிச்சினு இருந்தா சம்பந்தி. கூப்ட்டா அங்கியே கத்தி அழுதுடுவா. பாதர் எதிரில. ஊர் மொத்தமும் அங்க இருக்குது. உங்க ஆளுங்க வேற. கல்யாண எடத்துல..."

"அதுக்கோசரம் திரும்பிட்டீங்களா."

"கொஞ்சம் போவட்டும், பந்தி முடியட்டும்னு நெனச்சேன். பந்தி முடியல. அப்பறம் அவன்கிட்ட போயி, இன்னைக்கு வேணாம்டா, ஊர்ப் பக்கம் இன்னொரு நாள் வான்னு சொல்லிட்டேன். தூங்கற கொழந்தையத் தூக்கி தோள்ல போட்டுனு போய்ட்டான்."

"குழந்தை இருக்கறது சம்பந்தியம்மாவுக்குத் தெரியுமா?"

இல்லை என்று தலையாட்டினார். டீ ஆறிக்கொண்டிருந்தது. பிறகு கேட்டார், மெதுவாக, பழக்கமில்லாதவர்கள் ஒரு அலுவலகத்தில் கேட்பதைப் போல.

"கையெழுத்து இப்பவே போட்டுடறேன். மேடையில நிக்கறது மட்டும் வெச்சினு, அந்த நாற்காலிப் படங்கள மட்டும் எடுத்துடலாங்களா? லிஸ்ட் நீங்கதான எழுதப் போறீங்க."

முடியும். தேர்வுப் பட்டியல் என்றால் அதுதானே. நாலாயிரம் படத்தில் பத்துப் படம் பட்டியலில் ஏறாமல் போனால் யாரும் காரணம் கேட்க மாட்டார்கள். ஆவணத்தில் எதை வைக்கலாம், எதை விடலாம் என்று தெரிந்தவன் நான். ஆனால் எட்டு மாதமாக ஞாயிறுதோறும் எனக்கு வந்த போன், எப்போது வரும் என்று கேட்ட போன், அவருக்கு வரவில்லை, எனக்குத்தான் வந்தது. ஒவ்வொரு தரமும் கடைக்காரன் மேல் பழி போட்டுப் பதில் சொன்னவன் நான்.

"எடுக்க மாட்டேன் சம்பந்தி," என்றேன். "அவங்களைச் சாப்பிடச் சொல்லிட்டு நானும் நின்னு கேட்காமப் போயிட்டேன். அதையும் சேர்த்து அவங்க பாக்கட்டும்."

அவர் ஆறிய டீயை எடுத்துக் குடித்து முடித்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து பென்டிரைவை எடுத்தார். மூன்று மாதமாக அதை வீட்டில் வைக்கத் தைரியமில்லாமல் பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்திருக்கிறார்.

வீட்டில் சம்பந்தியம்மா கோழி அடித்துக் குழம்பு வைத்திருந்தார். பென்டிரைவைப் பார்த்ததும் அடுப்பை அணைத்துவிட்டு வந்து டிவிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தார். சம்பந்தி அதை டிவியின் பக்கவாட்டில் செருகினார். ரிமோட்டை அழுத்தாமல் என்னிடம் நீட்டினார், நான் வாங்கிக்கொண்டேன்.

"நேரா சாயந்திரத்துக்குப் போயிடலாமாம்மா?"

"வேணாங்கண்ணா. மொதல்லருந்து வைங்க."

மணப்பெண் அலங்காரம், மாலை, கோயில், தாலி மந்திரிப்பு, பங்குக் கோயில் பதிவேட்டில் சாட்சிக் கையெழுத்து எல்லாம் ஒவ்வொன்றாகப் போயிற்று. மேடையில் பெரியவர் வந்து நின்றதும், "நிறுத்துங்க," என்றார் சம்பந்தியம்மா. நிறுத்தினேன். முழங்காலால் நகர்ந்து திரைக்குப் பக்கத்தில் போனார்.

"மீசைய எடுத்துட்டான்," என்றார். "எளைக்கல. சாப்பாடெல்லாம் நல்லாத்தான் போடறா அவ."

அடுத்ததை அழுத்தினேன். அடுத்தது. நாற்காலியில் பெரியவரும் அந்தப் பெண்ணும் உட்கார்ந்த படம் வந்தது. மடியில் குழந்தை. சம்பந்தியம்மா திரையைத் தொடாமல் விரலை அதன் அருகே கொண்டுபோனார். இன்னும் இன்னும் என்று கையால் காட்டினார். கேக். ஜெபம். ஆட்டம். பைகளோடு ஊர்க்காரர்கள்.

"பாதர் சாப்ட வந்ததே ஜெபம் முடிச்சிட்டுத்தான்," என்றார், எங்களுக்குச் சொல்வது போல இல்லாமல். "அவருக்கு நான் ரெண்டாவது தரம் சோறு போட்டேன். அதுக்கு அப்பறம்தான் நம்ம ஊர்க்காரங்க பஸ்ஸுக்குக் கெளம்பனது." திரும்பிக் கணவரைப் பார்த்தார். "பாதருக்குப் போடறப்ப நீங்க வாசப்படியில வந்து நின்னீங்களே. என்னான்னு கேட்டேன். ஒண்ணுமில்ல, பாயசம் பத்துமான்னு பாக்க வந்தேன்னு சொன்னீங்க."

சம்பந்தி கதவோரமாக நின்றிருந்தார். ஊரில் யாருக்குச் சாவு வந்தாலும் போய் நின்று ஆறுதல் சொல்லத் தெரிந்தவர். "ஆமா," என்றார்.

"பாயசம் பத்துச்சு," என்றார் அந்த அம்மா. "மீந்தே போச்சு."

பிறகு அழுவார் என்று நானும் எதிர்பார்த்தேன். அவர் அழவில்லை. அவர் அழுதுவிடுவார் என்பதற்காகத்தான் இத்தனையும் நடந்தது. சேலை முந்தானையால் திரையில் படிந்திருந்த தூசியைத் துடைத்துவிட்டு, "இவன் நம்பர் யார்கிட்டயாவது இருக்குங்களாண்ணா?" என்று கேட்டார்.

என் போனில் இருக்கிறது என்றேன். போடச் சொன்னார். சம்பந்தி வெளியே போகத் திரும்பினார். "எங்க போறீங்க, இருங்க," என்றார் சம்பந்தியம்மா, திரும்பிப் பார்க்காமலே. அவர் நின்றுகொண்டார்.

ஸ்பீக்கரில் போட்டு அந்த அம்மா கையில் கொடுத்தேன். வெகுநேரம் அடித்தது. எடுத்தது ஒரு சின்னக் குரல்.

"அப்பா ஸ்நான மாட்தாவ்ரெ," என்றது.

ஓசூரில் பாதித் தெருவுக்குக் கன்னடம் தெரியும். ஊத்தங்கரையில் யாருக்குத் தெரியும்? சம்பந்தியம்மா போனை இரண்டு கையாலும் பிடித்தபடி என்னைப் பார்த்தார்.

"என்னாண்ணா சொல்லுது?"

"அப்பா குளிக்கிறாராம்."

அவர் அதை யோசித்தார். பிறகு போனை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோய், மறுபடி தள்ளிப் பிடித்து, குரலைத் தாழ்த்திக்கொண்டு என்னிடம் சொன்னார்.

"வெச்சிட வேணாம்னு சொல்லுங்க. அவன் மெதுவாக் குளிச்சிட்டு வரட்டும். அது வரைக்கும் அது ஏதாவது பேசிட்டு இருக்கட்டும், நான் கேட்டுனு இருக்கேன்."

சொன்னேன். குழந்தை தன் செருப்பைப் பற்றி ஏதோ சொல்ல ஆரம்பித்தது.